ஊர்க்கதையை வானொலிக்குக் கொண்டுவருவது: யாழ்ப்பாணத்தில் 30 நிமிட உரையாடல் நிகழ்ச்சி ஒன்றின் செய்முறை

அரை மணித்தியால நிகழ்ச்சிக்கு அரை மணித்தியாலம் பேசினால் போதும் என்று நம்பித் தொடங்குபவர்கள் மூன்றாவது நிகழ்ச்சியோடு களைத்துவிடுவார்கள். பழகிய கைகளுக்கே ஒரு நிகழ்ச்சிக்கு 15 முதல் 20 மணித்தியாலம் போகும். ஆளைத் தேடுவதும் முன்பேச்சும் நாலு, பயணமும் பதிவும் நாலு, பதிந்ததைத் திரும்பக் கேட்டுக் குறிப்பெடுக்க மூன்று, தொகுப்புக்கு ஐந்தாறு, எழுத்துக்கும் அறிவிப்பாளர் குரலுக்கும் இரண்டு. வாரம் ஒன்று தருகிறோம் என்று நிலையத்துக்கு வாக்குக் கொடுக்கமுன் இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பாருங்கள். புதியவர்களுக்கு மாதம் இரண்டுதான் தாங்கும். முதலாவது நிகழ்ச்சி காற்றில் போகும் நாளன்று இன்னும் மூன்று முடிந்த நிலையில் கையில் இருக்கவேண்டும். காய்ச்சலும் மழையும் செத்தவீடும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

நிலையத்தோடு பேசும்போது ஐந்து விடயங்களை எழுத்தில் வாங்குங்கள்: நிகழ்ச்சியின் சரியான நீளம் எத்தனை நிமிடம் எத்தனை செக்கன், கோப்பு எந்த வடிவத்தில், ஒலியளவு என்ன, எத்தனை நாளுக்கு முன் கொடுக்கவேண்டும், பாட்டுப் போடலாமா. "அரை மணித்தியாலம்" என்று வாயால் சொல்வார்கள். விளம்பரம், நேர அறிவிப்பு, செய்தித் தலைப்பு எல்லாம் கழிந்தால் கையில் மிஞ்சுவது 26 ஆகவும் இருக்கலாம், 28 ஆகவும் இருக்கலாம். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பிராந்திய சேவைக்கும் தனியார் எப்.எம்முக்கும் இந்தக் கணக்கு ஒன்றாக இராது. சினிமாப் பாட்டைப் பொறுத்தவரை, ஒலிபரப்புக்கு நிலையம் அனுமதி வைத்திருந்தாலும், அதே நிகழ்ச்சியை நீங்கள் இணையத்தில் ஏற்றும்போது அந்த அனுமதி கூடவே வராது. முதல் நாளிலிருந்தே பாட்டில்லாமல் கட்டப் பழகுவது சுகம்.

தலைப்பு வேறு, கதை வேறு

"தீவகத்தின் போக்குவரத்துப் பிரச்சினைகள்" தலைப்பு. "குறிகட்டுவானில் கடைசிப் படகைத் தவறவிட்டால் நெடுந்தீவு ஆட்கள் இரவு எங்கே தங்குகிறார்கள்" கதை. முதலாவதற்கு அதிகாரிகள் வருவார்கள், புள்ளிவிபரம் வாசிப்பார்கள், கேட்பவர் அலைவரிசையை மாற்றுவார். இரண்டாவதற்கு இறங்குதுறையில் ஒரு ஆளைப் பிடித்தால் மிச்சம் தானாக வரும்.

கதை தேறுமா என்று பார்க்க மூன்று கேள்வி போதும். அதைத் தன் கையால் செய்த ஆள் இருக்கிறாரா? அதற்கு ஒரு சத்தம் இருக்கிறதா? அதைப்பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்களா? மூன்றில் இரண்டுக்கு "ஓம்" என்றால் தொடங்கலாம்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: மின்சாரமும் பற்றரியும் இல்லாதிருந்த 1990களின் முற்பாதியில் குடாநாட்டில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட கதை. சுற்றியவர்கள் இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கிறார்கள். சத்தம் இருக்கிறது. யார் வீட்டு றேடியோ நன்றாக இழுத்தது என்பதில் இரண்டு ஊர் இன்றைக்கும் ஒத்துப்போகாது.

ஆள் தேடப் போகும்போது புதியவர்கள் செய்யும் முதல் பிழை, சங்கத் தலைவரிடம் போய் நிற்பது. தலைவர், செயலாளர், ஓய்வுபெற்ற அதிபர் ஆகிய மூவரும் மேடையில் பேசிப் பழகியவர்கள். மைக்கைக் கண்டதும் "அனைவருக்கும் எனது பணிவான வணக்கங்கள்" என்று தொடங்குவார்கள். அவர்களைப் பகைக்கத் தேவையில்லை, ஆனால் அவர்களிடம் கேட்கவேண்டியது, "இதைச் செய்த ஆள் இப்ப ஆர் இருக்கினம்?" என்பதை மட்டும். சனசமூக நிலையத்தில் காலைப் பேப்பர் பார்க்க வருபவர்கள், சலூன், சைக்கிள் திருத்துகிற கடை, சுன்னாகம் சந்தையில் மரக்கறி இறக்குகிற நேரம், கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தின் வெளித் திண்ணை, இங்கேதான் ஆள் கிடைக்கும். விதானையாருக்கு, அதாவது கிராம அலுவலருக்கு, ஊரில் எல்லாரையும் தெரியும். ஆனால் அவர் ஊடாகப் போனால் ஆட்கள் ஏதோ பதிவு எடுக்கிறார்கள் என்று நினைத்து அடையாள அட்டையோடு வருவார்கள்.

பட்டியலை எழுதி முடித்ததும் ஒருதரம் பாருங்கள், யார் இல்லை? பெரும்பாலும் பெண்கள் இல்லை. டைனமோக் கதையில் சைக்கிளைச் சுற்றியது பெடியன்கள் என்றால், குப்பி விளக்கில் சமைத்துக்கொண்டே செய்தி கேட்டது யார்? 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் வாழ்ந்த சோனகதெருவும் ஐந்துசந்தியும் யாழ்ப்பாணக் கதைகளில் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. எந்த ஊர்க்கதை என்றாலும் அந்த ஊரில் இருந்து பிறகு இல்லாமற்போனவர்கள் யார் என்று ஒரு கேள்வி போட்டுவையுங்கள்.

முன்பேச்சு: கதையைச் செலவழிக்காதீர்கள்

நிகழ்ச்சி கெடுவது அதிகமும் இந்த இடத்தில்தான். பதிவுக்கு முதல் நாள் ஆளோடு பேசவேண்டும் என்பது சரி. ஆனால் அந்தப் பேச்சில் அவர் முழுக் கதையையும் சொல்லிவிட்டால், அடுத்த நாள் மைக்குக்கு முன்னால் வருவது சுருக்கம். "அதுதான் நேற்றுச் சொன்னனே, சைக்கிளைச் சுத்திக் கேட்டம், அவ்வளவுதான்" என்பார். முதல் தரம் சொல்லும்போது வரும் கை அசைவு, இடையில் நினைவு வந்து திரும்பிப் போவது, சிரிப்பு, ஒன்றும் இரண்டாம் தரம் வராது.

ஆகவே முன்பேச்சு தொலைபேசியில் 10 நிமிடம். கேட்கவேண்டியது கதையின் ஓரங்களை: எந்த ஊர், எந்த வீடு, கூட இருந்தது ஆர், அந்தப் பொருள் இன்னும் கிடக்கிறதா. அவர் கதைக்குள் இறங்கத் தொடங்கினால் மெதுவாக மறியுங்கள்: "ஐயா, அதை அப்பிடியே வைச்சிருங்கோ, நாளைக்கு வந்து கேக்கிறன்." கோபிக்க மாட்டார்கள், இன்னும் நாலு விசயத்தை யோசித்து வைத்திருப்பார்கள். பதிவு நாளில் தேத்தண்ணி குடிக்கும் நேரமும் ஆபத்தான நேரம். அப்போது மழையைப் பற்றிப் பேசுங்கள், பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கள், டைனமோவைத் தொடாதீர்கள்.

ஆண்டு கேட்டால் நம்மவர்கள் தடுமாறுவார்கள். சம்பவத்தைக் கேட்டால் நிதானமாகச் சொல்வார்கள். அதனால் ஒரு சின்ன அட்டையில் நினைவு நாட்காட்டி ஒன்றை எழுதிக் கொண்டுபோங்கள்: 1964 டிசம்பர்ச் சூறாவளி, 1981இல் நூலகம் எரிந்தது, 1987 முதல் 1990 வரை இந்திய இராணுவ காலம், 1990இல் ரயில் நின்றது, 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வு, 2002இல் ஏ-9 பாதை திறந்தது, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2014இல் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. "இடப்பெயர்வுக்கு முன்னமோ பின்னமோ?" என்ற ஒரு கேள்வி பத்து ஆண்டுக் குழப்பத்தைத் தீர்க்கும். தங்கள் குடும்பத்துக் கணக்கையும் சேர்த்துக்கொள்வார்கள்: "அப்ப மூத்தவன் ஓ-எல் எடுக்கிறான்." அந்த மூத்தவன் பிறந்த ஆண்டைக் கேட்டால் கணக்கு முடிந்தது.

கொண்டுபோக வேண்டியவை

கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, டைனமிக் மைக் இரண்டு, மைக்கைக் கருவியோடு இணைக்கும் ஐந்து மீற்றர் எக்ஸ்.எல்.ஆர். வயர் இரண்டு, காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்று, 32 ஜீ.பி. மெமரி கார்ட் இரண்டு, பெட்டி உடைக்காத ஏ.ஏ. பற்றரி எட்டு, மைக்குக்குப் பஞ்சுத் தொப்பியும் காற்றுக்கு மயிர்த் தொப்பியும். இவ்வளவுக்கு வசதியில்லை என்றால் ஒரு கைபேசியும் சட்டையில் கொழுவும் சின்ன மைக்கும் போதும். மைக் இல்லாமல் கைபேசியை மேசையில் வைத்துப் பதிவது மட்டும் வேண்டாம். மேசையில் விழும் ஒவ்வொரு தட்டும் இடிபோல் ஏறும்.

கொண்டென்சர் மைக் தெளிவாகக் கேட்கும், ஆனால் அடுத்த வளவு நாய், ஒழுங்கையில் போகும் ஓட்டோ எல்லாவற்றையும் சேர்த்தே கேட்கும். கருவியிலிருந்து வயர் வழியாக 48 வோல்ட் மின்னும் (பான்ரம் என்பார்கள்) கொடுக்கவேண்டும், பற்றரி கெதியாக இறங்கும். வீடுகளில் பதிவதற்கு டைனமிக்தான் நம்பலாம்.

அமைப்பு: 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், வேவ் கோப்பு. எம்பி3இல் பதியாதீர்கள், தொகுத்து மறுபடி சுருக்கும்போது குரல் தகரம்போல் ஆகும். இந்த அமைப்பில் ஸ்ரீரியோ என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 ஜீ.பி. போகும், 32 ஜீ.பி. கார்டில் 30 மணித்தியாலம் நிற்கும். இடம் போதாது என்று சுருக்க ஒரு காரணமும் இல்லை. தானாக ஒலியைக் கூட்டிக்குறைக்கும் வசதியை நிறுத்துங்கள். அது இருந்தால் ஆள் மூச்சுவிட நிறுத்தும் இடமெல்லாம் பின்னணிச் சத்தம் பொங்கி எழும்பும். சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். சிரித்தால் மைனஸ் 6க்குப் போகலாம். கருவியின் உச்ச எல்லையான பூச்சியத்தைத் தொட்டு உடைந்த ஒலியை எந்த மென்பொருளும் ஒழுங்காக ஒட்டாது, குறைவாகப் பதிந்ததைக் கூட்டிக்கொள்ளலாம்.

கைபேசியால் பதிகிறீர்கள் என்றால் விமானப் பயன்முறையில் போடுங்கள். விருந்தினரின் கைபேசியையும் அடுத்த அறையில் வைக்கச் சொல்லுங்கள். அழைப்பு வரமுன் மைக் வயரில் ஏறும் அந்தக் "கிட்-கிட்-கிட்" சத்தம் ஹெட்போன் போடாதவருக்குக் கேட்பதில்லை. ஹெட்போனைப் போட்டால் மரியாதையில்லை என்று சிலர் கழற்றி வைப்பார்கள். அதைப் போட்டிருப்பதே உங்கள் வேலை.

வீட்டுக்குள் எங்கே இருப்பது

யாழ்ப்பாணத்து வீட்டு முன் மண்டபம் சீமெந்து நிலம், உயரமான ஓட்டுக் கூரை, வெறும் சுவர். குரல் போய் மோதி மோதி வரும், கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கும். விருந்தினர் அங்கேதான் கதிரை போட்டு வைத்திருப்பார். நயமாகப் படுக்கை அறைக்கு அல்லது உடுப்பு அலுமாரி இருக்கும் அறைக்கு மாறுங்கள். மெத்தை, பாய், கொடியில் தொங்கும் சேலை எல்லாம் எதிரொலியைக் குடிக்கும். அறைக்குள் போவது சரிவராத வீடென்றால் விறாந்தையில் இருங்கள். சுவர் ஒரு பக்கம்தான் என்பதால் எதிரொலி குறைவு, காகம் கத்தினால் கத்தட்டும்.

காகம் கெடுதலில்லை. கேட்பவருக்கு அது ஊர். கெடுதல், இடைவிடாத சத்தமும் இசையும். தண்ணீர் மோட்டர், மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவை குரலுக்கு அடியில் ஒரே சீராக ஓடும். நடுவில் ஒரு வசனத்தை வெட்டினால் அடிச்சத்தம் துள்ளி, வெட்டு அம்பலமாகும். கோயில் ஒலிபெருக்கி இன்னும் மோசம். பாட்டு ஓடும்போது பதிந்த பேச்சை வெட்டவே முடியாது, சீர்காழியின் குரல் ஒரு சொல்லில் இருந்து இன்னொரு சொல்லுக்குத் தாவும். ஆகவே நாள் குறிக்கமுன் அந்தக் குறிச்சிக் கோயில் திருவிழா எப்போது என்று கேளுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் பதிவு வைக்காதீர்கள். கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்றால் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினால் உங்கள் மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள் வைத்துவிடுங்கள். திறப்பில்லாமல் வீடு போக முடியாது, போடாமல் வந்து அந்த வீட்டு மீன் பழுதாகவும் மாட்டாது. மின்விசிறியை நிறுத்தினால் சித்திரை வெயிலில் வயதானவர் பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடுவார். கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நிறுத்தி, விசிறியைப் போட்டு, தண்ணீர் கொடுங்கள்.

கரையோரத்தில் வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று). மயிலிட்டியிலோ பருத்தித்துறையிலோ கரை வெட்டவெளியில் மைக்கைப் பிடித்தால் மயிர்த் தொப்பியும் தாங்காது. வள்ளத்தின் மறைவில், காற்றுக்கு முதுகு காட்டி இருங்கள். கடற்சத்தத்தைப் பிறகு தனியாகப் பதிந்து சேர்க்கலாம்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே இல்லாமல் கன்னப்பக்கமாகச் சற்றுச் சரித்து. "ப", "ம்ப" வரும் இடங்களில் மூச்சு மைக்கில் மோதாது. இரண்டு மைக் என்றால் அவற்றுக்கு இடையில் மூன்று சாணாவது வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் குரல் இரண்டிலும் ஏறிக் குழம்பும். மைக்கை விருந்தினர் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மேடை ஏறிவிடுவார். அளவு பார்க்க "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணச் சொன்னால் சத்தமாக எண்ணிவிட்டுப் பிறகு மெதுவாகப் பேசுவார். "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேளுங்கள். அதுதான் அவருடைய உண்மைக் குரல்.

எழும்பமுன் ஒருவரும் பேசாமல் 60 செக்கன் அறைச் சத்தத்தைப் பதியுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட இதுதான் பசை. மறந்தால் தொகுக்கும்போது அழுவீர்கள்.

கேள்வி

"அந்தக் காலத்தில் வானொலி கேட்பது கஷ்டமாக இருந்ததா?" என்று கேட்டால் "ஓம், சரியான கஷ்டம்" என்று பதில் வரும். கதை அங்கே முடிந்தது. உணர்ச்சியைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள்:

"சைக்கிளைக் கவிட்டு வைச்சனீங்களோ, ஸ்ராண்டிலயோ?"
"பெடலை ஆர் சுத்தினது?"
"சுத்துறவர் களைச்சா றேடியோவுக்கு என்ன நடக்கும்?"
"டைனமோவில வாறது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். அதை எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?"

கடைசிக் கேள்விக்காகத்தான் வீட்டுப்பாடம். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் டயோட்டை எங்கே வாங்கினோம், எந்தப் பழைய பெட்டியில் இருந்து கழற்றினோம், யார் ஈயம் பற்றவைத்துத் தந்தார் என்று ஒரு ஊரே அந்தப் பதிலுக்குள் வந்து நிற்கும். களைத்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கோ, பி.பி.சி. தமிழோசைச் செய்தி உச்சமான இடத்தில் குரல் இழுபட்டுத் தாழ்ந்துபோனதும், முழு விறாந்தையும் "சுத்தடா" என்று கத்தியதும் வரும். "கஷ்டமா" என்று கேட்காமலே கஷ்டம் வந்துவிட்டது.

பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் நாலு எண்ணுங்கள். பலருக்கு நல்ல வசனம் அந்த இடைவெளியில்தான் வரும். "ம்... ம்... ஓமோம்" என்று குரல் கொடுக்காமல் தலையை ஆட்டுங்கள். உங்கள் "ம்" அவருடைய சொல்லின் மேல் விழுந்தால் பிரிக்க முடியாது.

மேடைத்தமிழுக்கு மாறிவிட்டார் என்றால் திருத்த முயலவேண்டாம். பொருளைக் கையில் கொடுங்கள். பழைய டைனமோவைத் தொட்டவுடன் "இந்தாரும், இதிலதான் வயர் கொழுவிறது" என்று பேச்சு இறங்கிவரும். "வந்தவை", "சொன்னவை", "இருக்கினம்", "பாருங்கோ" எல்லாம் அப்படியே போகட்டும். நீங்களும் அதே மொழியில் கேளுங்கள். அறிவிப்பாளர் செந்தமிழிலும் விருந்தினர் ஊர்த்தமிழிலும் பேசினால் விசாரணைபோல் இருக்கும். வயதுக்கேற்ப ஆச்சி, ஐயா, அம்மா, அக்கா, அண்ணை என்று கூப்பிடுங்கள், ரீச்சர் என்றால் ரீச்சர்தான். இளையவர்களோடு வீட்டில் "நீர்" சொன்னாலும் மைக்கில் "நீங்கள்". கொழும்பிலும் மலையகத்திலும் கேட்பவருக்குப் புரியாத சொல் ஏதும் வந்தால் அவரை நிறுத்தாதீர்கள், அடுத்த கேள்வியில் நீங்கள் பொருளைச் சேர்த்துவிடலாம்.

சத்தத்தைத் தனியாகப் பதியுங்கள். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவை ரயரில் சாய்த்து, ஒருவர் சுற்ற, மைக் 30 சென்ரிமீற்றரில் இரண்டு நிமிடம், பிறகு இரண்டு மீற்றர் தள்ளி இரண்டு நிமிடம். தொடங்கும் சத்தம் தனியாக, நிற்கும் சத்தம் தனியாக. வேகம் கூடக்கூட ஏறும் அந்த "ஙீ..." என்ற ஒலியைக் கேட்டதும், அந்தக் காலத்தைக் கண்டவர்கள் அரிசி களைந்துகொண்டிருந்தாலும் தலையைத் திருப்புவார்கள்.

கனமான கதைகள்

நம் ஊரில் எந்தக் கதையைத் தோண்டினாலும் இரண்டாவது மண்வெட்டியில் இழப்பு தட்டுப்படும். டைனமோவைப் பற்றிப் பேச வந்தவர், அதைச் சுற்றிய தம்பி இப்போது எங்கே என்று தெரியாது என்று சொல்லி நிறுத்தலாம். அப்போது கேள்வி கேட்காதீர்கள், பதிவையும் ஓடவிட்டு ஒளிக்காதீர்கள். "நிப்பாட்டவோ, தொடரவோ?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். "அப்ப உங்களுக்கு எப்பிடி இருந்தது?" என்ற கேள்வி இந்த இடத்தில் கொடுமை. அழும் பகுதியை முன்னோட்டத்துக்கு வெட்டிப் போடுவது அதைவிடக் கொடுமை.

சம்மதத்தை இரண்டு தரம் குரலில் பதியுங்கள்: தொடங்கமுன் ஒருக்கால், முடிந்தபின் ஒருக்கால். முன்னதில் தான் என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது, பின்னதுதான் உண்மையான சம்மதம். எந்த நிலையம், எந்த நாள், இணையத்திலும் வருமா, வெளிநாட்டிலும் கேட்பார்களா என்று சொல்லுங்கள். பெயரை மறைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். ஊர், கோயில், தொழில் மூன்றையும் சொன்னால் மூன்றாவது வசனத்தில் ஆளைப் பிடித்துவிடுகிற சனம் நாங்கள். மறைப்பதென்றால் அந்த மூன்றில் இரண்டையும் எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

ஒருவர் இன்னொருவர்மேல் குற்றம் சொன்னால், அவர் பதிலைக் கேட்காமல் ஒலிபரப்பக்கூடாது. இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டாலும் குடியியல் வழக்குப் போடலாம். பிரதேச சபை, திணைக்களம் சம்பந்தப்பட்ட முறைப்பாடென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்துத் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்கவேண்டும். இதனால்தான் வீதி, குளம், சந்தை சம்பந்தமான நிகழ்ச்சிகளை ஒரு மாதம் முந்தியே தொடங்கவேண்டும்.

தொகுப்பு

வீட்டுக்கு வந்த உடனே, குளிக்கமுன், கோப்பை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். கார்டை அழிப்பது ஒலிபரப்பு முடிந்த பிறகு.

அடுத்து ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு முழுவதையும் கேளுங்கள். இடது பக்கம் நேரம், வலது பக்கம் ஒரு வரி. பிடித்த இடத்துக்கு ஒரு நட்சத்திரம், நிகழ்ச்சியே இதற்காகத்தான் என்கிற இடத்துக்கு இரண்டு. ஒரு மணித்தியாலப் பதிவில் எட்டு ஒன்பது நிமிடம் தேறினால் நல்ல பதிவு. 28 நிமிட நிகழ்ச்சியில் மூன்று குரல்கள், அறிவிப்பாளர் பேச்சு ஐந்து நிமிடத்துக்குள், மிச்சம் சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது குரல் வேண்டாம். வானொலியில் முகம் இல்லை, நாலாவது ஆள் வரும்போது முதலாவது ஆளை மறந்துவிடுவார்கள்.

அறிமுகத்தோடு தொடங்காமல் டைனமோவின் சத்தத்தோடு தொடங்குங்கள், பிறகு இரண்டு நட்சத்திர வசனங்களில் இரண்டாவது சிறந்தது. சிறந்ததை இருபதாவது நிமிடத்துக்கு வையுங்கள், அங்கேதான் கேட்பவர் எழும்பித் தேத்தண்ணி போடப்போவார்.

ஓடாசிட்டி என்ற தொகுப்பு மென்பொருள் இலவசம், இந்த வேலைக்குப் போதும். வெட்டும்போது மூச்சை விட்டுவையுங்கள். மூச்சுக்கு முன்னால் வெட்டினால் இயல்பாக ஒட்டும், மூச்சை முழுதாக எடுத்தால் ஆள் இயந்திரமாகிவிடுவார். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டுங்கள், மேசைத் தட்டும் காற்று மோதலும் குறையும். மடிக்கணினிச் சார்ஜரைக் கொழுவியபடி பதிந்திருந்தால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் அடியில் இருக்கும், அதன் மடங்குகளான 100, 150இலும் தேடுங்கள். இரைச்சல் நீக்கியை 6 டெசிபலுக்குமேல் இழுக்காதீர்கள். சத்தம் போய்விடும், ஆள் தண்ணீருக்குள் இருந்து பேசுவார். மொத்த ஒலியளவை நிலையம் சொன்ன அளவுக்கு ஏற்றுங்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு நியமம் மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு), இணையத்துக்குப் பொதுவாக மைனஸ் 16. முடிந்ததும் ஒருதரம் மலிவான கையடக்க றேடியோ அளவுள்ள ஒலிபெருக்கியில், சமையல் நடக்கும் குசினியில் வைத்துக் கேளுங்கள். அங்கே விளங்காத வசனம் காற்றிலும் விளங்காது.

அறிவிப்பாளருக்கான எழுத்து கடைசியில்தான். ஒரு வசனம் பத்துச் சொல்லுக்குள், ஒரு வசனத்தில் ஒரு எண்தான். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொல் போகும், உங்கள் வேகத்தை ஒருக்கால் அளந்து எழுதிவையுங்கள். "மேற்கூறிய" என்று எழுதாதீர்கள், வானொலியில் மேல் இல்லை. விருந்தினர் சொல்லப்போவதை நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள். "அடுத்து அவர் எப்படி டயோட்டைத் தேடினார் என்று கூறுகிறார்" என்றால் அவர் சொல்ல என்ன மிச்சம்? ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருதரம் பேசுபவர் பெயரைச் சொல்லுங்கள், இடையில் றேடியோவைத் திறந்தவர் கோபித்துப் போகமாட்டார்.

நேரலையில் அழைப்பு எடுப்பதென்றால்

பதிந்த நிகழ்ச்சி பத்தாவது முடியும்வரை இதைத் தொடாமல் இருப்பது புத்தி. ஸ்ரூடியோ மிக்சரில் அழைப்பவருக்குத் திருப்பி அனுப்பும் ஒலியில் அவருடைய குரல் மட்டும் இருக்கக்கூடாது, மற்ற எல்லாம் இருக்கவேண்டும். அதைத்தான் மிக்ஸ்-மைனஸ் என்கிறார்கள். இது பிழைத்தால் தன் குரலே பிந்தி வந்து காதில் விழ, அழைப்பவர் இழுத்து இழுத்துப் பேசி நிறுத்திவிடுவார். இன்னொரு வில்லங்கம் அவருடைய வீட்டு றேடியோ. முதல் வசனமே "றேடியோவைக் குறைச்சுப்போட்டு வாங்கோ" என்று இருக்கட்டும், அதைக் காற்றில் போகமுன் அழைப்பை எடுப்பவர் சொல்லவேண்டும். இணையவழி கேட்பவருக்கு ஒலி அரை நிமிடம் வரை பிந்தும், அவர் தான் பேசுவது எப்போது வரும் என்று காத்திருப்பார்.

வெளிநாட்டு அழைப்புகளை எதிர்பார்த்தால் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். இங்கே மாலை 7 மணி என்றால் லண்டனில் கோடையில் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 1.30. ரொறன்ரோவில் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. வேலைநாளில் அங்கே யாரும் எடுக்கமாட்டார்கள், ஞாயிறுதான் தோது. அல்லது வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடத்துக்குட்பட்ட குரற்பதிவு அனுப்பச் சொல்லுங்கள். போர்வைக்குள் இருந்து பதியச் சொன்னால் எதிரொலியும் இராது.

ஒலிபரப்பான பிறகு

கோப்புக்குப் பெயர் வையுங்கள்: ஆண்டு, மாதம், நாள், ஊர், விடயம் என்ற ஒழுங்கில். "கடைசி", "புதுக்கடைசி", "சரியான கடைசி" என்று மூன்று கோப்பு கிடந்தால் ஒலிபரப்பாவது பிழையானதுதான். வெட்டாத முழுப்பதிவையும் வையுங்கள். இன்று தேவைப்படாத 50 நிமிடத்தில் இன்னொருவர் தேடும் சொல் இருக்கலாம். ஆவணங்களை இணையத்தில் சேமித்துவைக்கும் நூலகம் நிறுவனம் ஈழத்து வாய்மொழி வரலாறுகளையும் சேகரிக்கிறது. அங்கே கொடுப்பதென்றால் அதற்கான சம்மதத்தை விருந்தினரிடம் தனியாகக் கேளுங்கள், வானொலிக்குத் தந்த சம்மதம் அதற்குச் செல்லாது.

ஒலிபரப்பு நேரத்தை விருந்தினருக்கு முதல் நாளும் ஒரு மணித்தியாலம் முன்னும் தொலைபேசியில் சொல்லுங்கள். நேரம் மாறினால் அதையும் சொல்லுங்கள், உறவினரை எல்லாம் கூட்டிவைத்துக் காத்திருந்து ஏமாந்த வீட்டுக்கு நீங்கள் இரண்டாம் தரம் போகமுடியாது. பிறகு ஒரு பென்டிரைவில் பிரதியைக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். கொப்பியும் பேனையும் கையோடு இருக்கட்டும். பக்கத்து வீட்டு அம்மா வேலியில் நின்று, "தம்பி, அவர் டைனமோவைச் சொன்னவர், நாங்கள் மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓட்டினதை ஒருத்தரும் கேக்கேல்லை" என்று தொடங்கினால், ஊரையும் தொலைபேசி இலக்கத்தையும் மட்டும் எழுதிக்கொண்டு, மிச்சத்தை அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.